பதினோரு மணி வரை எங்கள் பொருள்

வங்கியில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் யாருமில்லை. நேரில் கைரேகையக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் கைரேகை. கோபம் வராதா என்று யாராவது கேட்டால், "வரும். ஆனா பேரு சரியாத்தானே இருக்கு?" என்பாள். ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். குளிர்பதனப் பெட்டியா, தொடுவாள். மரம் அறுக்கும் இயந்திரமா, தொடுவாள். நாற்பது மூட்டை சிமெண்டா, நாற்பதையும் தொடுவாள். அன்று சாயங்காலம் அவளைப் பார்த்தால் வங்கியில் வேலை பார்ப்பவள் என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இதை ஏதோ கிறுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சம்பளமே அதற்குத்தான். அது வட்டி வாங்காத வங்கி, இஸ்லாமிய முறைப்படி நடப்பது. பணத்தைக் கொடுத்துவிட்டு அதைவிடக் கூடுதலாகத் திருப்பி வாங்கினால் வட்டி, அது கூடாது. ஒரு பொருளை வாங்கி லாபம் வைத்து விற்றால் வியாபாரம், அது கூடும். ஆகவே ஒரு தையல்காரிக்கு மெஷின் வேண்டுமென்றால் வங்கி அவள் கையில் பணத்தைக் கொடுக்காது. தானே மெஷினை வாங்கும். "இத்தனைக்கு வாங்கினோம், எங்கள் லாபம் இத்தனை" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, அவளுக்குத் தவணையில் விற்கும். விலை பேசி முடித்தால் முடித்ததுதான். தவணை தள்ளிப் போனாலும் ஒரு காசு ஏறாது. முராபஹா என்று இதற்குப் பெயர்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில்தான் இடிக்கும். கடையிலிருந்து வாங்கியதற்கும் தையல்காரிக்கு விற்றதற்கும் நடுவில், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, அந்த மெஷின் நிஜமாகவே வங்கியின் சொத்தாக இருக்க வேண்டும். உடைந்தால் வங்கிக்கு நஷ்டம். திருடு போனாலும் வங்கிக்கே நஷ்டம். அந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதால்தான் வங்கி லாபம் வாங்கலாம். ஏற்றிக்கொள்ளாமல் லாபம் மட்டும் வாங்கினால்? "வட்டிக்குப் புதுச் சட்டை தச்சுப் போட்ட மாதிரிதான்" என்பாள் கைரேகை. அந்த இரண்டு மணி நேரத்தின் காவல்காரி அவள். பொருள் வந்ததும் போய், தொட்டுப் பார்த்து, 'வங்கியின் கைவசம் வந்தது' என்று நேரம் குறித்துக் கையெழுத்திடுவாள். அப்புறம்தான் வாடிக்கையாளர் வந்து "வாங்கினேன்" என்று சொல்ல, அவள் "விற்றோம்" என்று சொல்ல வேண்டும்.

வங்கிக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு சரக்குக் கிடங்கில் எடைக் குமாஸ்தாவாக இருந்தவள். காகிதத்தில் இருப்பது ஒன்று, பெட்டியில் இருப்பது இன்னொன்று என்பதை அங்கே தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போயிருந்தது. வங்கி நேர்காணலில், வங்கித் தொழிலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். "ஒண்ணும் தெரியாது. ஆனா பெட்டியத் திறக்காம கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

பத்து வருடம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் வந்து சேர்ந்தார் புது மேனேஜர். ஊழியர்கள் வைத்த பெயர் மின்னல். எதையும் நின்று செய்யமாட்டார். படியில்கூட இரண்டு இரண்டாகத்தான் இறங்குவார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, அவசரக்காரர். அவசரக்காரர்கள் செய்கிற கெடுதலுக்குக் கெட்டவர்கள் கிட்டே வர முடியாது என்பது வேறு விஷயம்.

மின்னல் வந்ததும் இரண்டு மாற்றம் செய்தார். வாடிக்கையாளர் வங்கிக்கு ஒருமுறை வந்தால் போதும். எல்லாக் காகிதத்திலும் அன்றைக்கே கையெழுத்து. 'வாங்கினேன்' என்கிற கடைசிக் காகிதத்தில் மட்டும் தேதியையும் நேரத்தையும் காலியாக விட்டுவிட்டால், பொருள் வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். கைரேகை எகிறினாள். பொருளே வராமல் எதை சார் வாங்கினார் என்று கேட்டாள். "தேதிய நீங்க தொட்ட அப்புறம்தானேம்மா போடப்போறோம், என்ன குடி முழுகிப்போகுது?" என்றார். அப்போதும் அவள் விடவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, பொருளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, வாயால் சொல்ல வைத்தாள். அதற்குப் பிறகுதான் நேரத்தை எழுதுவாள்.

இரண்டாவது மாற்றம் அவளுக்குத் தெரியாமலே நடந்தது. பொருள் வங்கியின் கையில் இருக்கும் அந்தச் சிறு நேரத்துக்கு எடுத்திருந்த காப்பீட்டை மின்னல் நிறுத்திவிட்டார். "ரெண்டு மணி நேர முதலாளிக்கு எதுக்குக் காப்பீடு?" என்று கணக்குப் பிரிவில் சொல்லிச் சிரித்தாராம். செலவைக் குறைத்தவர் என்று அந்த வருடம் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

இப்படியிருக்கும்போதுதான் ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பு வந்தது.

ஐம்பத்தைந்து வயது மனிதர். இருபத்தெட்டு வருடமாக ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டவர். அது ஒரு பக்கம் கருக்கி மறுபக்கம் பச்சையாக விட ஆரம்பித்ததும், துணிந்து புது அடுப்புக்கு மனுப் போட்டார். ஆள் உயரம், இரும்பு உடம்பு, உள்ளே மூன்று அடுக்குக் கல் தளம். மூன்று வருடத் தவணை. இடம் வேண்டுமே என்று பழைய அடுப்பை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுக் கடையை நான்கு நாள் மூடிவைத்துக் காத்திருந்தார். வங்கியில் மின்னல் சுட்டிக்காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அடுப்பு காலையில், வங்கி வழக்கமாகப் பொருள்களை இறக்கிவைக்கும் கிடங்குக்கு வந்து இறங்கியது. கைரேகை பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, கதவைத் திறந்து, மூன்று கல்லையும் தடவிப் பார்த்து, ஒன்பது பத்துக்குக் கைவசக் குறிப்பில் கையெழுத்துப் போட்டாள். ரொட்டிக்கடைக்காரரைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தது. பத்தே காலுக்கு, வாசல் பக்கம் நகர்த்தி வைப்போம் என்று கிடங்கு ஆள் ஃபோர்க்லிஃப்டில் அடுப்பைத் தூக்கினான். நாலு கஜம் போயிருக்காது. சாக்கடை மூடி ஒன்று சக்கரத்துக்குக் கீழே படீரென்று உடைந்தது. வண்டி சாய்ந்தது. அடுப்பு அப்படியே முகம் குப்புற விழுந்தது.

தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தாள். கதவு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், கல் மூன்றும் தூள். கிடங்கு குமாஸ்தா சுவரிலிருந்த பலகையைக் காட்டினான். 'உள்ளே இருக்கும் பொருள்களுக்கு அவற்றின் உடைமையாளரே பொறுப்பு' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"அக்கா, எழுதணும். யாரோட பொருள் இது?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு மணி ஆகவில்லை.

"எங்களோடது. எழுதிக்க."

பதினோரு மணிக்கு ரொட்டிக்கடைக்காரர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கிடங்கு ஆட்களுக்கென்று கையில் ஒரு பொட்டலம் பன், வேறு எங்கோ காசு கொடுத்து வாங்கியது. பார்த்தார். பக்கத்திலிருந்த மூட்டையில் மெதுவாக உட்கார்ந்து, பன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே. எல்லாத்துலயும் போட்டுட்டேனே."

"போட்டீங்க, அண்ணே. ஆனா நான் இன்னும் விக்கல."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மின்னல் தன் அறையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மேசையில் இரண்டு காகிதம். ஒன்று கைரேகையின் கைவசக் குறிப்பு. இன்னொன்று ரொட்டிக்கடைக்காரர் என்றைக்கோ கையெழுத்திட்ட, தேதியும் நேரமும் காலியான 'வாங்கினேன்' காகிதம். பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"ஒன்பதரைன்னு எழுதுங்கம்மா. போன்ல சொன்னாருன்னு வச்சுக்குவோம். உடையறதுக்கு நாற்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடி, அவ்வளவுதானே."

"அவர் போன்ல சொல்லல சார்."

"கையெழுத்து அவரோடதுதானே? நாம ஒண்ணும் கள்ளக் கையெழுத்துப் போடலையே!"

"கையெழுத்து நிஜம். நேரம்தான் பொய். எழுதினா அந்த மனுஷன் உடைஞ்ச அடுப்புக்கு மூணு வருஷம் தவணை கட்டணும். கடையே போயிடும்."

மின்னல் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். காப்பீடு இல்லாத விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டையைப் பார்த்ததுமே அது எதுவென்று கைரேகைக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பு. ஒரு தையல் கூடத்துக்குப் பதினோரு மெஷின். அன்று அவள் மகள் மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது இதே மின்னல் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டி, "ஒரு தடவதானேம்மா, பொருள் எங்கயும் ஓடிடாது" என்றார். உள்ளே மகள் அலறிக்கொண்டிருந்தாள். கைரேகை கையெழுத்துப் போட்டாள். பதினொன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்த மெஷின்கள் நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தன, இன்றைக்கும் ஓடுகின்றன. ஆனால் அந்தக் கையெழுத்து அவள் உள்ளங்கையில் மரச் சிலாம்பு ஏறியதுபோல அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. நாற்பது மூட்டையையும் எண்ணித் தொட ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

"இதுல என் கையெழுத்து இல்லம்மா. உங்களோடது மட்டும்தான். பாக்காத பொருளப் பாத்தேன்னு எழுதினா வேலையே போயிடும், தெரியும்ல? அந்தக் கோப்பு தூங்கட்டும், இந்தக் கோப்பும் தூங்கட்டும்."

பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். கைரேகை அதை எடுத்தாள். மூடியைத் தேடி எடுத்து, மாட்டி, அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு வெளியே வந்தாள். அப்படிச் செய்ய வேண்டுமென்று அவள் யோசிக்கவில்லை.

வீட்டில் கணவர் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மின்சார வேலைதான் அவருக்குத் தொழில். வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. குடும்பம் ஓடுவது அவள் சம்பளத்தில். மகளுக்குக் கல்லூரி முதல் வருடம். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"என்னங்க, எதாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் செருப்பையே கழட்டின. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." ஒரு திருகாணியை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வேலை போனா நான் தினம் போறேன். சும்மா உக்காந்து விசிறியப் பிரிக்கிறதுக்கு அது மேல்."

"வேலை கிடைக்கணுமே!"

"அதுக்கு ஊருல நாலு விசிறி கெட்டுப்போகட்டும்னு வேண்டிக்குவோம்."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். வங்கியின் நடவடிக்கைகள் மார்க்கப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், மூன்று பேர் அடங்கிய குழு ஒன்று இருந்தது. கடிதம் அவர்களுக்கு. அடுப்பைப் பற்றி அதில் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. முதல் பக்கம் முழுக்கப் பதினோரு தையல் மெஷின். ஒருத்தன் நம்மைப் பயமுறுத்தும் கோப்பை நாமே முதலில் திறந்துவிட்டால், பாவம், அவன் கையில் என்ன இருக்கும்?

குழு வியாழக்கிழமை கூடியது. தலைவர் கைரேகையைவிடப் பத்து வயது சின்னவர். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பவர். மின்னல் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

"நம்ம வங்கியில பணம் போட்டிருக்கறவங்க எல்லாம் பெரிய பணக்காரங்க இல்ல. ஓய்வு பெற்ற வாத்தியாருங்க, விதவைங்க. நஷ்டம் வந்தா அவங்களுக்குப் போற லாபத்துலதான் குறையும். ஒரு ரொட்டிக்கடைக்காகத் தொள்ளாயிரம் குடும்பத்து வயித்துல அடிக்கலாமா? அவரே மனசொப்பிக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

தலைவர் கைரேகையைப் பார்த்தார். அவள் எழுந்தாள். இரண்டு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. அதுவும் நல்லதுக்குத்தான்.

"அந்தத் தொள்ளாயிரம் பேரும் ஏன் இங்க வந்தாங்க சார்? பக்கத்துத் தெருவுலயே வட்டி கொடுக்கிற பேங்க் இருக்கு. அங்க நஷ்டமே சொல்லமாட்டாங்க. போயிருக்கலாம்ல? 'எங்களுக்கு வட்டி வேணாம், லாபமோ நஷ்டமோ நியாயமா வரட்டும்'னு சொல்லி வந்தவங்க அவங்க. வருஷா வருஷம் லாபம் கொடுக்கறப்ப இந்த ரெண்டு மணி நேரத்தக் காட்டித்தானே கொடுத்தோம்? பொருள் எங்களோடதா இருந்துச்சு, அதனால லாபம் எங்களுக்குக் கூடும்னு சொன்னோம். லாபம் வரும்போது எங்க பொருள், உடையும்போது அவரு பொருளா? அப்போ இத்தனை வருஷமா நாம வித்தது என்ன? நான் வெயில்லயும் மழையிலயும் போய்த் தொட்டுட்டு வந்தது என்ன, கூத்தா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் உட்காரவில்லை.

"இன்னொண்ணு. பதினோரு மெஷின நான் தொடல. தொட்டேன்னு எழுதினேன். எம் பொண்ணு அழுதுக்கிட்டிருந்தா, அதுக்காக அது சரியாயிடாது. தண்டனை என்னவோ கொடுங்க, வாங்கிக்கறேன். ஆனா அதச் சொல்லி என்னை இன்னொரு பொய் எழுத வைக்க யாராலயும் முடியாது."

தலைவர் மின்னலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்ட அன்று அடுப்பு எங்கே இருந்தது? கப்பலில் என்றார் மின்னல். யாருடையதாக இருந்தது? அடுப்புக் கம்பெனியுடையதாக. "அப்போ உங்ககிட்ட இல்லாத ஒண்ண நீங்க வித்திருக்கீங்க. அந்தக் காகிதத்துக்கு இந்த மேசையில இடமில்ல" என்று சொல்லி, அதை எடுத்து நான்காகக் கிழித்தார்.

தீர்ப்பு சுருக்கமானது. அடுப்பின் நஷ்டம் வங்கியுடையது. அதே விலையில் வேறு அடுப்பு வாங்கி விற்க வேண்டும். காலித் தேதியில் கையெழுத்து வாங்குவது இன்றோடு சரி. நிறுத்திய காப்பீட்டை மறுபடி எடுக்க வேண்டும். பதினோரு மெஷினில் வந்த லாபம் வங்கிக்கு ஆகாது. முழுவதும் தர்மத்துக்குப் போக வேண்டும். கைரேகைக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, இரண்டு வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. அவள் தலையாட்டினாள். உள்ளங்கையிலிருந்து சிலாம்பு வெளியே வந்துவிட்டதுபோல இருந்தது. வலித்தது, சுகமாகவும் இருந்தது.

கடைசியாகத் தலைவர் ஒன்று சேர்த்தார். ஒரு வருடத்துக்கு ஒவ்வொரு பொருளையும் வங்கி கைவசம் எடுக்கும்போது மேனேஜரும் கூடப் போக வேண்டும். போய், கைரேகைக்குப் பக்கத்தில் நின்று, கையை வைக்க வேண்டும். "விக்கிற வரைக்கும் அங்கயே நிக்கணும்" என்றார்.

புது அடுப்பு ஆறு வாரத்தில் வந்தது. அதுவரை ரொட்டிக்கடைக்காரர் மச்சான் வீட்டு அடுப்பில் கொஞ்சம் சுட்டுக் கடையை உயிரோடு வைத்திருந்தார். அதே கிடங்கு, அதே சிவப்புப் பலகை. சாக்கடைக்கு மட்டும் புது மூடி. கைரேகை மூன்று கல்லையும் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். மின்னல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல ஒரு விரலை வைத்தார்.

"உள்ளங்கை சார்" என்றாள்.

வைத்தார். கைவசக் குறிப்பில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மணி பத்து நாற்பது. கிடங்கு ஆள் ஃபோர்க்லிஃப்டில் ஏறி அடுப்பைத் தூக்கினான். அது ஒரு சாண் உயர்ந்து லேசாக ஆடியது.

"டேய், மெதுவா! மெதுவாப்பா! பாத்து!" மின்னல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். "எங்க பொருள்பா அது!"

கிடங்கே திரும்பிப் பார்த்தது. கைரேகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பு பத்திரமாக வாசலில் இறங்கியது. மின்னல் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேலே கூரையைப் பார்த்தார், கீழே சாக்கடை மூடியைப் பார்த்தார், அந்தப் பக்கம் போன ஒரு லாரியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அந்த ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு போன் போடுங்கம்மா. சீக்கிரம் வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

கைரேகை ஒரு மூட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பதினோரு மணிக்குத்தானே சார் வரச் சொல்லியிருக்கு? இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நில்லுங்க."